அக்கா படிக்காத புத்தகம்

தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன பழுப்புக் காகிதப் பொட்டலத்தை அக்காதான் பிரித்தாள். உள்ளே இன்னொரு மடிப்பு, அதற்குள்ளே சாம்பல். திருத்தணியில் எங்கள் வீட்டுக்குத் தபாலில் திருநீறு வருவது புதிதில்லை. அக்காவின் கணவர் கதைகள் எழுதுகிறவர். அவர் எழுத்து பிடித்துப்போன வாசகர்களில் சிலர் தங்கள் ஊர்க் கோயில் திருநீற்றை மடித்து அனுப்புவார்கள், பதிலுக்கு எங்கள் மலைமேல் சாமிக்குச் சார்த்திய சந்தனம் வேண்டுமென்று கேட்பார்கள். அக்காவும் சளைக்காமல் அனுப்பி வைப்பாள். அன்று வந்ததையும் அப்படித்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள். எனக்கும் பூசினாள். சாம்பல் கொஞ்சம் கறுப்பாக, செதில் செதிலாக இருந்தது. "இன்னாடி இது, திருநீறுகூட ரேஷன் கடை அரிசி மாரி கீது" என்றாள். யுத்த காலம். அரிசியில் கல், மண்ணெண்ணெயில் தண்ணீர் என்று எல்லாவற்றிலும் கலப்படம் பார்த்துப் பழகியிருந்தோம். திருநீறு மட்டும் தப்புமா என்று நானும் நினைத்தேன்.

சாயந்திரம் அரக்கோணத்து வண்டியில் அக்காவின் கணவர், எங்கள் பாவா, வந்தார். பொட்டலத்தின் அடியில் கிடந்த துண்டுச் சீட்டை எடுத்துப் படித்தார். முகம் சுருங்கியது, பிறகு உரக்கச் சிரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். 'உமது நூலுக்குக் கொள்ளி வைத்தாயிற்று. அஸ்தி அனுப்பியிருக்கிறோம், கரைத்துக்கொள்ளவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. "எந்த ஊருக் கோயிலுங்க?" என்று அக்கா கேட்டாள். "தெற்க ஒரு பெரிய கோயிலு" என்றார் பாவா. அக்கா காகிதத்தில் மிச்சமிருந்ததை எடுத்து அவர் நெற்றியிலும் இட்டாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பாவா என்பது அக்கா புருஷனை நாங்கள் கூப்பிடும் முறை. தெலுங்கும் தமிழும் ஒரே அடுப்பில் வேகிற ஊர் எங்களுடையது; அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. அக்காவைச் சிறுவயதில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில்தான் போட்டார்கள். அவளுக்குத் தெலுங்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. என் முறை வந்தபோது மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு தொடங்கியிருந்தார்கள். நான் அங்கே படித்து, பயிற்சி முடித்து, அங்கேயே டீச்சராகவும் ஆனேன். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டோடு இருந்தேன். தமிழ் படிக்கிறவர்களில் பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பாதிப் பேர் காலில் போட்டு மிதித்த ஓர் எழுத்தாளரின் வீட்டில், அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்க முடியாதவளாக அவர் மனைவி இருந்தாள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் இருந்தபோதே கேட்டு வைத்தேன். "நான் போனப்பறம் எழுதிக்கோ" என்றாள். அவள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பாவாவின் அந்த நாவல் இப்போது வழவழப்பான அட்டையோடு திரும்பத் திரும்ப அச்சாகிறது. கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்களாம். பெண்பிள்ளைகள் என்னைத் தேடிக்கொண்டு வந்து, "அவரோட மனைவிக்கு அந்தப் புத்தகம் பிடிச்சிருந்துதா?" என்று கேட்கிறார்கள். எனக்குக் காது மந்தம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். காது நன்றாகத்தான் கேட்கிறது.

பாவா அரக்கோணம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. காலை வண்டியில் போய்ச் சாயந்திர வண்டியில் திரும்புவார். ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவே எழுதுவார். காகிதம் கிடைக்காத காலத்தில் ரத்தான சரக்குச் சீட்டுகளின் முதுகில் எழுதினார். நல்ல மனிதர்தான், அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் யாராவது மனம்விட்டுப் பேசினால் அவர் கேட்கிற விதம் ஒரு மாதிரி இருக்கும், பசித்தவன் இலையைப் பார்ப்பது போல. எனக்கு அவர் எழுத்து பிடிக்கும். அவரைப் பிடிக்குமா என்றால் இந்த வயதிலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருடைய முதல் நாவலில், காவடி எடுத்துக்கொண்டு மலையேறுகிற ஒருவன் பாதிப் படியில் காவடியை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவான். அவ்வளவுதான் கதை. எங்கள் ஊர் வாசகசாலையில் அதற்கு நடந்த கூச்சல் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குக் குறைந்ததில்லை. ஒருவர், அந்தப் புத்தகம் இருக்கிற அலமாரியையே தொடமாட்டேன் என்றார். இன்னொருவர், மனதுக்குள் நடப்பதை இப்படி எழுதத் தமிழில் வேறு ஆள் இல்லை என்றார். திட்டுகிறவர்களும் படித்துவிட்டுத்தானே திட்ட வேண்டும். இருந்த ஒரே பிரதி அட்டை கிழிந்து முதுகு கழன்று போயிற்று. பாவா இதையெல்லாம் சாப்பிடும்போது அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார். ஒரு நாள் அக்கா, "காவடிய எறக்கி வெச்சிட்டுப் போனானே, அவனுக்கு யாராச்சும் தண்ணி குடுத்தாங்களா?" என்று கேட்டாள். பாவா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். இரண்டாம் பதிப்பில் அந்த இடத்தில் ஒரு கிழவர் வந்து அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறார். அந்த ஒரு பக்கத்தைப் புகழ்ந்து எழுதாத பத்திரிகை இல்லை.

அக்கா வெளியே அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில், அதுவும் பாதி. மனதில் உள்ளதைச் சொல்ல அவளுக்கு இருந்தது ஒரே ஆள், பாவா. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு இரண்டு பேரும் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் இவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அவர்களுக்கு ஒரே பையன். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்கத் தொடங்கியிருந்த வயது. அந்தப் பங்குனியில் ஊரெல்லாம் அம்மை போட்டது. எங்கள் வீட்டுக்கும் வந்தாள் அம்மா. அக்கா வேப்பிலைக் கொத்தோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சொறிந்துவிடக் கூடாதே என்று அவன் இரண்டு கைகளையும் மெல்லிய துணியில் சுற்றித் தன் கைக்குள் பிடித்து வைத்திருப்பாள். "வுடும்மா, வுடும்மா" என்று அவன் கெஞ்சுவான். அவள் விடமாட்டாள். எப்போது சாப்பிட்டாள், எப்போது கண்ணை மூடினாள் என்று யாருக்கும் தெரியாது. எங்களைக் கிட்டே நெருங்க விடவில்லை. ஒரு நாள் வெயில் வந்து வாசல் சூடான நேரத்தில், அவன் கைகளை மெதுவாக விட்டாள்.

அம்மன் எடுத்துக்கொண்ட உயிருக்கு அழக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அழுதால் அவளைக் குறைசொன்னதாக ஆகும், மிச்சமிருப்பவர்களையும் தொட்டுவிடுவாள் என்பார்கள். அதனால் மேளம் கிடையாது, ஒப்பாரி கிடையாது. பெற்றவள் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அக்கா அதுகூடச் செய்யவில்லை. பாவாவைப் பார்த்து ஒன்று சொன்னாள். பக்கத்தில் நின்றிருந்ததால் என் காதிலும் விழுந்தது. "நல்ல வேளங்க. இனிமே சொறியமாட்டான். நான் தூங்கட்டா?" சொல்லிவிட்டுக் கூடத்து மூலையில் வெறுந்தரையில் சுருண்டு படுத்தாள். குழந்தையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப் போனது அவளுக்குத் தெரியாது. சாயந்திரம் வரை அசையாமல் தூங்கினாள். புதைத்துவிட்டு வந்த பாவா குளித்த ஈரத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அழவில்லை.

மறு வருஷம் அந்த நாவல் வந்தது. பெரிய குடும்பம் ஒன்றின் கதை. நடுவில் ஓர் அத்தியாயம். அதில் ஒரு தாய், பிள்ளை செத்ததும் 'நல்ல வேளை, இனிமேல் சொறிய மாட்டான்' என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போகிறாள். அக்காவின் பேச்சு, எழுத்துத் தமிழில். அழக் கூடாது என்கிற வழக்கத்தைப் பற்றிப் பாவா ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்டேன். "அத எழுதினா காரணம் வந்துடும் பாப்பா. காரணம் வந்துட்டா அவளோட களைப்பு தெரியாமப் பூடும்" என்றார். எழுதுகிறவருக்கு அது நியாயமாக இருந்திருக்கலாம். எங்கோ தெற்கே உட்கார்ந்து படித்தவர்களுக்கு, ஒரு கல்நெஞ்சுக்காரி பெற்ற பிள்ளை செத்த அன்று நிம்மதியாகத் தூங்கினாள் என்றுதான் தெரிந்தது.

கடிதங்கள் வந்து குவிந்தன. தாய்மையைச் சந்தியில் நிறுத்திவிட்டாய் என்று ஒருவர். உன்னைப் பெற்றவள் படித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள் என்று ஒருவர். அந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு தன் மனைவியிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கியிருப்பதாக ஒரு வக்கீல். பத்திரிகைகளில் கண்டனம், கண்டனத்துக்குக் கண்டனம். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. பெண்கள் எழுதியவை மிகக் குறைவு, வந்தவையும் பெயர் போடாமல் வந்தன. 'நானும் தூங்கினேன்' என்று ஒரே வரி எழுதிய தபால் அட்டை ஒன்று. அந்த அட்டையைப் பாவா சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். எரித்த சாம்பல் வந்ததும் அந்த நாட்களில்தான். முன்பெல்லாம் வாசகர்கள் திட்டுவதைச் சாப்பாட்டு வேளையில் சொல்லிச் சிரிக்கிறவர், இந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டும் அக்காவிடம் வாய் திறக்கவில்லை. "நீங்களே சொல்லிடுங்க பாவா, வெளியில இருந்து காதுல வுழக் கூடாது" என்று நான் பலமுறை சொன்னேன். "சொல்றேன், சொல்றேன்" என்பார்.

ஊரில் படித்தவர்கள் படித்தார்கள், படித்ததை வீட்டுப் பெண்களுக்குச் சொன்னார்கள். குழந்தை அம்மையில் போனது எல்லோருக்கும் தெரியும்; கதையில் வருகிறவள் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. கிணற்றடிக்கு அக்கா போனால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்வாள், இன்னொருத்தி பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொள்வாள். அக்கா இதற்கு வேறு அர்த்தம் செய்துகொண்டாள். அம்மா வந்துபோன வீட்டைப் பார்த்து ஊர் பயப்படுகிறது என்று நினைத்தாள். "பயம் இருக்காதாடி? அதுங்களும் கொயந்த குட்டி வெச்சிகினு கீதுங்க" என்பாள். தானாகவே ஒதுங்கி நின்று, எல்லோரும் இறைத்துக்கொண்டு போன பிறகு குடத்தை வைப்பாள். ஊரின் பயம் தீரட்டும் என்று அம்மன் கோயிலில் கூழ்கூட ஊற்றினாள். அந்தக் கூழை வாங்கிக் குடித்துவிட்டு, போகிற வழியில் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சரம்மா அதிகம் கதை படிக்கிறவர். கர்த்தருக்குப் பயந்தவர், அதோடு யாருக்கும் பயப்படாதவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அழுததாகச் சொன்னார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, வீட்டு மனிதரைப் பற்றி ஒருவராவது நல்லதாகச் சொல்கிறாரே என்று. அப்புறம் சொன்னார்: "உங்க பாவா எழுதினதுல பொய் இல்லம்மா. ஆனா அது வேற யாரோ பண்ண ஜெபம் மாதிரி இருக்கு. அடுத்தவங்க ஜெபத்த நாம கேக்கலாம், வெளிய சொல்லக் கூடாது." அக்காவைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் விடுமுறையாயிருந்த ஒரு மத்தியானம், எங்கள் வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக்காரி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். புத்தகம் எழுதுகிற ஐயாவைப் பார்க்க வேண்டும் என்றாள். ஐயா அரக்கோணத்தில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி, அக்கா அவளை உள்ளே உட்கார வைத்து மோர் கரைத்தாள். அந்தப் பெண் அக்காவை அந்த வீட்டுச் சமையல்காரி என்று நினைத்தாளோ என்னவோ, மளமளவென்று பேசத் தொடங்கிவிட்டாள்.

"எனுக்குப் படிக்க வராதுங்கம்மா. என் தம்பி படிப்பான், நாங்க தறியில ஒக்காந்துகினு கேப்போம். ஐயா கதையில ஒரு பொம்பள வராங்களே, கொயந்த செத்ததும் தூங்கிப்பூடறாங்க. அது நாந்தாங்க. எம் பொண்ணு காய்ச்சல்ல கெடந்து கெடந்து போச்சு. நானும் தூங்கிட்டேன். எங்க மாமியாரு இன்னிக்கும் அதச் சொல்லிக் காட்டும், பேய்க்குப் பொறந்தவ, பெத்தத வாரிக் குடுத்துட்டுத் தூங்கினவன்னு. என்ன மாரி இன்னொருத்தி இருந்திருக்கான்னு தெரிஞ்சப்பறந்தான் எனுக்கு மூச்சே வந்துச்சு. அவங்க சொல்றாங்க பாருங்க, 'நல்ல வேள, இனிமே சொறியமாட்டான்'னு. அத என் தம்பி படிச்சப்ப தறியெல்லாம் நின்னுபூச்சுங்க."

மோரைக் கலக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதிக் காட்ட முடியாது, எழுதவும் விருப்பமில்லை. பிறகு மோரைச் செம்பில் ஊற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவ அப்பறம் இன்னா ஆனா, கதையில?"

"எழுந்து அடுப்பு மூட்டறாங்க. அதுக்கப்பறம் வேற யாரோ கதை வந்துடுதுங்க."

"அழலியா?"

"அழலீங்க."

"நீ அழுதியாம்மா?"

அந்தப் பெண் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வரல. இப்ப வருது. அந்தக் கதய யாராச்சும் படிச்சா வருது" என்றாள். சொல்லும்போதே வந்தது. அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வயிறாரச் சோறு போட்டு, தலையில் பூ வைத்து, குங்குமம் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினாள். தான் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

உள்ளே வந்து என்னிடம் கேட்டாள். "புஸ்தகத்துல அப்டியே கீதா? நான் சொன்ன மாரியேவா?" ஆமாம் என்றேன். "கெணத்தாண்ட நகந்து போனாளுங்களே, அது இதுக்குத்தானா?" அதற்கும் ஆமாம் என்றேன். பிறகு, "அன்னிக்குத் தபால்ல வந்துச்சே திருநீறு" என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது. அவள் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. பிள்ளை செத்த கதையை எரித்த சாம்பலைத் தான் பூசி, எனக்கும் பூசி, அவனைப் பெற்ற தகப்பனுக்கும் பூசிவிட்டிருந்தாள். அவர் தெரிந்தே நெற்றியைக் காட்டினார்.

அன்று சாயந்திரம் பாவா வந்து கை கால் கழுவும்வரை பொறுத்திருந்தாள். சண்டை வரும் என்று நான் பயந்து கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கூச்சல் இல்லை, பேச்சு மட்டும் கதவு வழியே கேட்டது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "எழுதறதுக்கு முன்னால என்னக் கேட்டிருக்கலாம் இல்லீங்களா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப" என்றார் பாவா.

"ஆங். சொல்லியிருப்பேன்."

பாவா, "அவனுக்கு நான் வேற இன்னா செய்ய முடிஞ்சுது சொல்லு. அழவும் கூடாதுன்னாங்க. எனுக்கு எழுதத்தான் தெரியும்" என்றார். நெசவுக்காரி வந்து அழுதுவிட்டுப் போனதை அக்காவே அவருக்குச் சொன்னாள். அவள் கொண்டுவந்த வாழைப்பழத்தையும் எடுத்து வைத்தாள். "அந்தப் பொண்ணுக்கு நல்லது பண்ணியிருக்கீங்க" என்றாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை, நிஜமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிலைப்படியில் உட்கார்ந்து பேசியதை நான் பார்க்கவில்லை.

அக்கா கோபித்துக்கொண்டு எங்கேயும் போகவில்லை. வேளைக்குச் சமைத்தாள், துவைத்தாள், வண்டி தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். ஆனால் பாவாவிடம் பேசுவதெல்லாம் உப்பு, புளி, எண்ணெய் என்கிற அளவோடு நின்றது. மனதிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஏன் இப்படி இருக்கிறாய் என்று நான் ஒரு முறை கேட்டதற்கு, "சொன்னா எழுதிடுவாருடி" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. எழுதமாட்டேன் என்று பாவா சத்தியம்கூடச் செய்தார். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. சொல்கிற பழக்கமே அவளை விட்டுப் போய்விட்டது.

பாவாவின் புகழ் வளர்ந்துகொண்டுதான் போயிற்று. சென்னையில் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள், வேறொரு கூட்டத்தில் கல்லெறிந்தார்கள். இரண்டுக்கும் போய் வந்தார். எழுதுவது மட்டும் நின்றுவிட்டது. சரக்குச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். சமையலறைப் பக்கம் காது கொடுத்துக்கொண்டே இருப்பார். அங்கே பாத்திரச் சத்தம்தான் கேட்கும். ஒரு நாள் ஸ்டேஷனிலிருந்து என்னோடு நடந்து வரும்போது, "ஊரே திட்டுது, தாங்கிக்கினேன். இவ ஒரு வார்த்த திட்டமாட்டேங்கறாளே பாப்பா" என்றார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்தத் தெருவிலேயே கரைந்து போயிற்று. ஆனாலும் என்ன செய்ய. கொட்டிய பாலுக்கு நான் எங்கே போய்க் கிண்ணம் தேடுவேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் பாவாவுக்கு நெஞ்சு நோய் முற்றிவிட்டது. அக்கா அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாள். கோழை வாங்கும் சட்டியை மற்றவர்களைத் தொடக்கூட விடமாட்டாள். கடைசி நாட்களில் பாவா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் பேசேன்" என்பார். எழுத முடியாத கை அது. அக்கா கிண்ணத்தை எடுத்து வருவாள். "கஞ்சி ஆறிப்போவுது, குடிங்க" என்பாள்.

அவர் போன அன்று வீடு கொள்ளாத கூட்டம். அரக்கோணத்து ரயில்வேக்காரர்கள், சென்னையிலிருந்து பத்திரிகைக்காரர்கள், புத்தகத்தைப் புகழ்ந்தவர்கள், திட்டியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கிணற்றடியில் நகர்ந்து போன பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அக்கா பாவாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. படித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. கதையில் எழுதியது சரியாகத்தான் இருக்கிறது, இவளுக்கு இது வராது.

அக்கா எழுந்து என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கதவைப் பாதி சாத்தினாள்.

"ஏண்டி, இப்ப அழுதா தப்பில்ல இல்ல? இவர அம்மா எடுத்துக்கல, நோவுலதான போனாரு."

"தப்பில்லக்கா."

"இவருக்காகன்னு நெனச்சுக்குவாங்க இல்ல?"

நான் தலையாட்டினேன். அவள் முகத்தை முந்தானையால் ஒரு தரம் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பாவாவின் காலடியில் விழுந்து அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒப்பாரிப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பெயர் எதுவும் சொல்லி அழவில்லை, வார்த்தையே இல்லை. அதில் பாவாவுக்கும் பங்கு இருந்திருக்கும். எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் யார். எனக்குக் கேட்டதெல்லாம் அந்தப் பங்குனி மாதத்துக் காலையில் அவள் அழாமல் விட்டது. பாவா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். உடனே, வேண்டாம் என்றும் நினைத்தேன்.

எடுத்துப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. சுடுகாட்டுக்குப் போகாமல் வாசலில் நின்றுவிட்ட வயதானவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சென்னையிலிருந்து வந்திருப்பதாகவும், அந்த அத்தியாயத்தைக் கண்டித்து ஒரு பத்திரிகையில் எழுதியது தான்தான் என்றும் சொன்னார். உள்ளே அக்காவின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, இறந்தவரைக் குறைசொல்லக் கூடாதுதான். ஆனால் அவர் தப்பாத்தான் எழுதிட்டார். புருஷனுக்கு இப்படி அழற பொம்பளை, பெத்த பிள்ளைக்கு அழாம இருந்திருப்பாளா?"

பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பார். "மெட்ராஸ் வண்டிக்கு நேரமாவுதுங்க, இப்பக் கெளம்பினாத்தான் புடிக்கலாம்" என்றேன்.